ஒரு சென்டிமீட்டர் குட்டையான டேப்

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. வீட்டில் பாட்டு நின்று இன்றோடு நாற்பத்தொரு நாள்.

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம், என் இடது கையின் மூன்று விரல்கள் நீங்கலாக. அங்கே நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், சரிபார்க்க வழியில்லை. போனில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் எந்த விஷயத்தைத் தொடங்கினாலும் நாற்பது வினாடிக்குள் "இரு, அக்காகிட்ட குடுக்கறேன்" என்று நழுவிவிடுகிறீர்கள். இது அக்காவிடம் கொடுக்கக்கூடிய விஷயம் இல்லை. நீங்கள் இரவல் தந்த கருவிப்பெட்டியை நாளை பார்சலில் அனுப்புகிறேன், அதற்குள் இந்தக் கடிதமும் இருக்கும். ரம்பம், உளி, அரம், குறடு, கை டிரில் ஐந்தும் பத்திரமாக இருக்கின்றன. ஆறாவது உருப்படி உங்கள் டேப். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தொடக்கத்திலிருந்து சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அக்கா உங்களிடம் சொல்லியிருக்கும் கதையில் நான் ஒரு அரக்கனாக இருப்பேன். என் வேலை உங்களுக்குத் தெரியும். தராசு, வெப்பமானி, அழுத்தமானி, அளவுகோல் எது வந்தாலும் அது சொல்வது நிஜமா என்று பார்த்துச் சான்றிதழ் ஒட்டி அனுப்புகிற இடத்தில் இருக்கிறேன். உங்களை அண்ணா என்று கூப்பிடுகிற என் மனைவி காலையில் பாத்திரம் துலக்கும்போது பாடுவாள் என்பதும் தெரியும். வார்த்தை கிடையாது, வெறும் ராகம் மட்டும். என்ன பாட்டு என்று கேட்டால் "பாட்டெல்லாம் இல்ல, சும்மா" என்பாள். ஜனவரி 27, திங்கள், காலை 7.10க்கு, ஒலியின் அதிர்வெண்ணை அளக்கும் செயலி ஒன்றைப் போனில் இறக்கினேன், சோதித்துப் பார்க்க வேறு ஒலி எதுவும் வீட்டில் இல்லாததால் போனைத் தட்டு அடுக்கும் அலமாரியில் வைத்தேன். மூன்று நிமிடம் பதிவானது. அலுவலகத்தில் அதைத் தாளில் அச்சடித்து மாலையில் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். குறை சொல்லவில்லை அத்தான், தகவல் சொன்னேன்.

"என்னங்க இது?"

"நீ காலைல பாடினது. ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவுல நூறு பங்குன்னு வெச்சுக்கோ. நீ சராசரியா இருபத்திரண்டு பங்கு இறங்கி இருக்கே."

"ஓ."

"பெரிய விஷயம் இல்ல. கொஞ்சம் ஏத்திப் பாடினா சரியாயிடும்."

"சரி."

அவ்வளவுதான் நடந்தது. அவள் கோபப்படவில்லை, அழவில்லை, தாளைக் கிழிக்கவில்லை. மறுநாள் காலை பாத்திரம் துலக்கினாள், பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்கும் மறுநாள் அப்படியே. மற்றபடி பேச்சில் ஒரு குறையும் இல்லை. தண்ணீர் மோட்டார் போட்டாச்சா, சட்டையைத் தோய்க்கப் போடுங்க, எல்லாம் வழக்கம்போல. பாட்டு மட்டும் இல்லை. முதல் வாரம் எனக்கு இது தெரியவே இல்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் ஏதோ ஒரு இயந்திரம் நின்றுபோன மாதிரி இருந்தது, எது என்று தேடி ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் இருந்தது.

கண்டுபிடித்துச் சொன்னது கீழ்வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எல்லோரும் அவரை 'ஹாரன்' என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் திரும்பிப் பார்ப்பார். ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். கன்னத்தில் நாலு இடத்தில் பேப்பர் துண்டு ஒட்டியிருந்தது.

"தம்பி, வீட்ல அவங்களுக்குத் தொண்டை ஏதும் கட்டிக்கிச்சா?"

"இல்லையே, ஏன்?"

"காலைல அந்தச் சத்தத்துக்குத்தான் நான் ஷேவ் பண்ணுவேன். கை தானா போகும். இப்ப பாருங்க, மூஞ்சி சாலை வேலை நடக்கற மாதிரி இருக்கு. என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

நான் செய்தேன் என்று அவர் எப்படி முடிவுக்கு வந்தார் என்று தெரியவில்லை. மேலே போய் அவளிடம் நேரடியாகக் கேட்டேன். "ஏன் பாடறதில்ல?" என்றேன். "எனக்குத்தான் சுருதி இல்லையே, எதுக்கு வீணா?" என்றாள். "இப்ப பாடு, நான் அளக்கல" என்றேன். அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். போன் அதில்தான் இருந்தது.

அத்தான், அதற்குப் பிறகு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் மறுபடி பாட வேண்டும். இதைத் தொழில்முறையில் யோசித்தேன். அவள் குறை என்ன? ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான ஒன்று கையில் இல்லை. அப்படி ஒன்றைக் கொடுத்தால் தீர்ந்தது. ஒரு தந்திக் கருவி, விரல் வைக்கும் இடங்களெல்லாம் கணக்குப்படி இருக்க வேண்டும். தொட்டுக் கேட்டுக்கொண்டே பாடலாம். கடையில் வாங்கலாமே என்று அக்கா கேட்டாள். கடைக்காரன் அளந்ததற்கு யார் சான்று? "ஒரு பலகை, ஒரு டப்பா, மூணு கம்பி, இதுல என்ன இருக்கு?" என்று உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதும், நீங்கள் வாயைத் திறக்காமல் எழுந்துபோய்க் கருவிப்பெட்டியை என் காலடியில் வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நீங்கள் சிரித்தீர்கள். அது எதற்கு என்று இப்போது புரிகிறது.

மரக்கடையில் பலகை வாங்கப் போனேன், ஈரப்பதம் எவ்வளவு சதவீதம் என்று கேட்டேன். கடைக்காரர் "தடவிப் பாருங்க, ஈரமா இருந்தா கை நனையும்" என்றார். தடவினேன், நனையவில்லை, வாங்கி வந்தேன். வீட்டில் மரம் அறுக்க மேடை இல்லாததால் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைத்து அறுத்தேன், உங்கள் ரம்பம் நான் நினைத்த மாதிரி மொக்கையாக இல்லை, பலகையை முடித்துக்கொண்டு அப்படியே மேசைக்குள் நாலு விரல்கடை இறங்கிவிட்டது. என் ஆள்காட்டி விரலும் வழியில் இருந்தது. அவள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து "மேசைக்கும் ஸ்வரம் போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பஞ்சும் மருந்தும் எடுக்கப் போனாள். ஒலிப்பெட்டிக்குச் சதுர பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது, அதன் இரண்டு பக்கமும் துளை போட்டுப் பலகையை ஊடே நுழைக்க வேண்டும், கை டிரிலை ஒரு கையால் சுற்றிக்கொண்டு டின்னை மறுகையால் பிடித்தேன், முனை தகரத்தில் மாட்டியதும் டிரில் நின்று டின் சுற்றத் தொடங்கியது, சுற்றிய டின் நீங்கள் போன வருடம் வந்து மாட்டிக் கொடுத்த திரைச்சீலையை ஓரமாக ஒரு முழம் கிழித்துவிட்டு என் நடுவிரலில் வந்து நின்றது. கிழிசலை ஊசி குத்தி மறைத்திருக்கிறேன், வந்தால் பார்க்காதீர்கள்.

ஊசி என்றதும் இன்னொன்று. விரல் வைக்கும் இடங்களில் குறுக்கே பதிக்கும் கம்பிக்கு மெட்டு என்று பெயர். பன்னிரண்டு மெட்டு வேண்டும், எல்லாம் ஒரே தடிமனில். வீடு முழுக்கத் தேடினேன், ஒரே தடிமனில் பன்னிரண்டு கம்பி இருந்தது அவளுடைய கொண்டை ஊசி டப்பாவில் மட்டும்தான். நிமிர்த்தி, குறடால் வெட்டி, அரத்தால் தேய்த்தேன். இரண்டு வாரமாக அவள் கொண்டையில் என் பென்சில் இருக்கிறது. மெட்டுக்குக் குறி போடப் பென்சில் கேட்டால் தலையிலிருந்து உருவிக் கொடுப்பாள், முடி அவிழ்ந்து விழும், குறித்து முடித்ததும் கையை நீட்டுவாள், திருப்பிக் கொடுப்பேன். ஒரு நாளைக்கு இருபது தடவை நடந்தது. ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை.

கணக்கில் ஒரு குறையும் வைக்கவில்லை அத்தான். மேலே ஒரு போல்ட், கீழே டின் மூடியின் மேல் ஒரு போல்ட், இரண்டுக்கும் நடுவே தந்தி அறுபத்தைந்து சென்டிமீட்டர். பன்னிரண்டு மெட்டுக்கும் தூரத்தை இரண்டு தசம இடம் வரை கணித்து அட்டவணை போட்டேன். மேல் போல்ட்டுக்கான பள்ளத்தில் உங்கள் டேப்பின் கொக்கியை மாட்டி, ஒருமுறைகூடக் கழற்றாமல், பன்னிரண்டு மெட்டையும் கீழ் போல்ட்டையும் அதே இழுப்பில் குறித்தேன். டேப்பில் நான் பார்த்தது எண்ணை. எல்லோரும் எண்ணைத்தான் பார்ப்பார்கள். அதன் தலையை யார் பார்ப்பார்கள்? மூன்று வளையத் திருகாணியில் மூன்று தந்தி கட்டினேன், முதல் தந்தி அறுந்து வந்து மோதிர விரலில் அடித்தது, மறுபடி கட்டினேன். நேற்று, சனிக்கிழமை மாலை 5.05க்கு வேலை முடிந்தது. பார்க்க நன்றாக இல்லை, ஆனால் கேட்க நன்றாக இருக்கும் என்று சொல்லி அவள் மடியில் வைத்தேன்.

முதலில் தந்தியை வெறுமனே மீட்டினாள். பிறகு ஒரு மெட்டில் விரல் வைத்து மீட்டினாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

"இறங்கியிருக்கே."

"என்ன?"

"இது இறங்கியிருக்குங்க. வெறும் தந்திக்கும் இதுக்கும் ஒட்டல."

"இருக்க முடியாது. அது கணக்குப்படி போட்டது."

"அப்ப கணக்குக்குக் காது கேக்கல போலிருக்கு."

போனை எடுத்தேன். எடுத்தபோது அவள் முகம் மாறியது, பார்த்தேன், ஆனாலும் எடுத்துவிட்டேன். வெறும் தந்தி சரியாக இருந்தது. முதல் மெட்டு இருபத்தேழு பங்கு இறக்கம். இரண்டாவது இருபத்தேழு. ஏழாவது இருபத்தேழு. பன்னிரண்டாவதும் இருபத்தேழு. நான் செய்த கருவி, நான் குறை சொன்ன என் மனைவியைவிட ஐந்து பங்கு மோசம். ஊசியின் தடிமன், பசையின் உயரம், அறையின் வெப்பம், ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். அவள் கருவியைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, போகிற போக்கில் கேட்டாள்.

"எந்த டேப்ல அளந்தீங்க?"

"அத்தானோடது."

"ஐயோ, அண்ணா டேப்பா? அதுல ஒண்ணு குறையுமே! அவங்க கல்யாணம் ஆன வாரத்துல கதவுல மாட்டி முனை உடைஞ்சு போச்சாம். ஒரு சென்டிமீட்டரை வெட்டி எடுத்துட்டுக் கொக்கியைத் திரும்ப அடிச்சு வெச்சிருக்காரு. நம்ம வீட்டுக்குக் கர்ட்டன் அளக்க வந்தப்ப அண்ணி சொன்னாங்க."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலையே. அளக்கறவருக்கு நான் போய் அளவு சொல்லிக் குடுக்கணுமா?"

டேப்பை இழுத்துப் பார்த்தேன். தலையில் கொக்கி, அதை ஒட்டி முதலில் தெரியும் எண் இரண்டு. பதினான்கு வருடமாக இந்த டேப்பால் ஊர் முழுக்க ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறீர்கள். ஜன்னலை அளப்பதும் இதே டேப், துணியை வெட்டுவதும் இதே டேப், ஆகவே ஒரு திரைகூடக் குட்டையாகப் போகவில்லை, நீங்கள் நிம்மதியாக இருந்தீர்கள். மாட்டிக்கொண்டது நான். நீங்கள் ஒரு வார்த்தை எச்சரித்திருந்தால் நேற்று மாலை அவள் அந்தக் கருவியைத் தொட்டுப் பாடியிருப்பாள். நாற்பத்தொன்று என்று நான் எழுத வேண்டியிருந்திருக்காது. சுருக்கமாகச் சொன்னால், என் வீட்டில் பாட்டு இல்லாததற்கு நீங்கள்தான் காரணம்.

எங்கள் சோதனைக்கூடத்தில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு, இதை இரண்டு தடவை படியுங்கள். பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் செய்தவன் மேல் தப்பு. எல்லா இடத்திலும் ஒரே அளவு பிழை இருந்தால் செய்தவன் மேல் தப்பே இல்லை, அவன் தொடங்கிய இடம்தான் வேறு. அவனைக் குறை சொல்கிறவன் அளக்கத் தெரியாதவன். என் கருவியில் பன்னிரண்டு மெட்டிலும் ஒரே இருபத்தேழு. ஆகவே நான் குற்றமற்றவன். தயவுசெய்து நீங்கள் அவளுக்குப் போன் செய்து, அக்காவிடம் கொடுக்காமல், உங்கள் வாயாலேயே இதைச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். பிறகு அந்த டேப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு முழு நீளத்தில் ஒன்று வாங்குங்கள். நான் பன்னிரண்டு ஊசியையும் சுரண்டி எடுத்து, சோதனைக்கூடத்தின் எஃகு அளவுகோலால் முதலிலிருந்து குறிக்கப் போகிறேன். ஆதாரமாக இரண்டு தாள்கள் இணைக்கிறேன். ஒன்று கருவியுடையது, மற்றது ஃபிரிட்ஜ் கதவில் இருந்த அவளுடையது. என்னுடைய பிழை எவ்வளவு ஒழுங்கானது என்பது ஒப்பிட்டால்தான் தெரியும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்கள் முதுகுவலி குறைய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன், இது டேப் விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத தனி விருப்பம். உங்கள் ஜன்னல்கள் எல்லாம் சதுரமாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: மதியம் 12.50க்குச் சேர்க்கிறேன். இரண்டு தாள்களையும் கடிதத்தோடு சேர்த்து ஊசி குத்த எடுத்தேன். அவளுடைய தாளில் மேலே கொட்டை எழுத்தில் 'சராசரி 22' என்று இருக்கும். நான் அன்று படித்தது அந்த ஒரு வரியைத்தான். கீழே ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனியாக எண் இருக்கிறது. இருபத்திரண்டு. இருபத்திரண்டு. இருபத்திரண்டு. மூன்று நிமிடப் பாட்டில், நாற்பத்தாறு இடங்களில், ஒரே இருபத்திரண்டு. எங்கள் சோதனைக்கூடத்துக்கு வரும் கருவிகளில்கூட இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. அவள் சுருதி பிசகவே இல்லை அத்தான். வசதியான இடத்தில் தொடங்கி, கடைசிவரை அங்கேயே நின்றிருக்கிறாள்.

மேலே நான் இரண்டு தடவை படிக்கச் சொன்ன பாடத்தை நானே மூன்று தடவை படித்தேன். பிறகு பால்கனிக்குப் போனேன். அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், வாயில் கிளிப்.

"உன் பாட்டுல தப்பில்ல," என்றேன். "நீ தொடங்கின இடம்தான் வேற. நான் அளந்ததுதான் தப்பு."

கிளிப்பை எடுத்துவிட்டு, "இதைக் கண்டுபிடிக்க நாப்பத்தோரு நாளா?" என்றாள்.

அவளும் எண்ணியிருக்கிறாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும். பாடறவளுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் 'சரி'ன்னு சொன்னே?"

"நீங்க எவ்வளவு நாள் எடுப்பீங்கன்னு அளந்து பாக்கலாம்னுதான்."

"சரி, இப்பவாவது பாடேன்."

"மொதல்ல நீங்க பாடுங்க. எத்தனை பங்கு இறக்கம்னு நான் சொல்றேன்."

வேறு வழி தெரியவில்லை. கருவியை எடுத்து, வெறும் தந்தியை மட்டும் மீட்டிக்கொண்டு, பாத்திரம் துலக்கும்போது அவள் பாடுகிற அந்த 'சும்மா'வைப் பாடினேன். இதற்கு முன் நான் பாடியதில்லை, இனியும் என்னைப் பாடச் சொல்லி எவரும் கேட்க மாட்டார்கள். கீழே ஜன்னல் திறந்தது. "தம்பி, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் ஹாரன். நான் நிறுத்தவில்லை. மூன்று ஸ்வரம் எப்படியோ தாண்டிவிட்டேன், நாலாவது எங்கேயோ போய்விட்டது. அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "அது இல்ல, இது" என்று சொல்லி, அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் பாடிக் காட்டினாள். ஒன்றுதான். உடனே திரும்பிச் சட்டையை உதறத் தொடங்கிவிட்டாள். போன் என் பையில் இருந்தது. எடுக்கவில்லை.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக எடுத்துக்கொள்ளுங்கள். கிழித்துப் போட்டு வேறு எழுதலாம்தான், ஆனால் இதை நீங்கள் படிப்பதும் நியாயம்தான் என்று அவள் சொல்கிறாள். நான் இனிச் செய்யப்போவது:

1. போனிலிருந்து அந்தச் செயலியை நீக்குவது. (செய்தாயிற்று, 12.41.)

2. பன்னிரண்டு ஊசியையும் பிடுங்காமல் விடுவது. மேல் போல்ட்டை மட்டும் ஒரு சென்டிமீட்டர் வெளியே தள்ளி வைத்தால் பன்னிரண்டும் தானாகச் சரியாகிவிடும். தள்ள வேண்டிய அளவை உங்கள் டேப்பிலேயே அளப்பது.

3. டேப்பை அதனால் இந்தப் பார்சலில் அனுப்பாமல் வைத்துக்கொள்வது. ஜன்னல் ஏதும் வந்தால் சமாளித்துக்கொள்ளுங்கள்.

4. அவளுக்குப் புதுக் கொண்டை ஊசி வாங்குவது. பென்சிலே இருக்கட்டும் என்றால் பென்சில் வாங்குவது.

5. நாளைக் காலை 7.10க்கு அடுக்களையில் நின்று அதே பாட்டைப் பாடுவது, நாலாவது ஸ்வரத்தைத் தப்பாக. இதற்குத் தனியாகப் பயிற்சி தேவைப்படாது.